அடைக்கலத்தின் பெண்டாட்டி

உறையூரில் உய்யக்கொண்டான் வாய்க்கால் வளைகிற இடத்தில் ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம் இருந்தது. முன்பு சுருட்டுக்காரர்கள் புகையிலை அடுக்கி வைத்திருந்த இடம். புகையிலை போய் நாலைந்து வருஷமாகியும் சுவரிலிருந்து அந்த நெடி போகவில்லை. மழைநாளில் அது சோற்றிலும் ஏறும். சுற்றுவட்டாரத்தில் அதைக் கொட்டடி என்பார்கள். கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போகிற ஆட்களைப் பதிவு ஆபீசில் காட்டி ரயிலேற்றும் வரை அங்கேதான் வைத்திருப்பார்கள். வெளிக்கதவுக்குப் பூட்டு உண்டு. சாவி அடைக்கலத்தின் அரைஞாணில் தொங்கும். அவன் காவல். அவன் பெண்டாட்டி பாப்பாயி சமையல்.

இருபது பேர் இருந்தாலும் ஐம்பது பேர் இருந்தாலும் ஒரே அண்டாதான். ரங்கூன் அரிசி, கல் பொறுக்கவே காலை நேரம் போய்விடும். ஒரு நாள் கத்திரிக்காய்க் குழம்பு, ஒரு நாள் கருவாடு. அந்த வருஷம் ஆடிக்காற்று முன்னதாகவே எழும்பிவிட்டது. முறத்தில் அரிசியைப் போட்டால் தவிட்டோடு அரிசியும் பறந்தது. பாப்பாயி சுவரைப் பார்த்து உட்கார்ந்து புடைக்கப் பழகிக்கொண்டாள்.

சமையலைவிடப் பெரிய வேலை ஒன்றும் அவளுக்கு இருந்தது. அதற்குப் பேர் கிடையாது.

தனிப்பெண்களுக்கு ஆபீசில் துண்டு கொடுக்க மாட்டார்கள். துண்டு என்பது நம்பர் அடித்த தகர வில்லை. கயிறு கோத்துக் கழுத்தில் கட்டுவார்கள். அது இல்லாமல் ரயிலேற முடியாது. ஆள் சேர்க்கிற கங்காணி மதுரைவீரனிடம் வந்து சேர்கிறவர்களில் பாதிப்பேர் தனிப்பெண்கள்தான். விதவை, மாமியாரோடு சண்டை போட்டு வந்தவள், சந்தையில் யாரோ சொன்னதை நம்பி வந்தவள். ஆகையால் கொட்டடியிலேயே ஜோடி சேர்த்துவிடுவான். இந்த ஆளுக்கு இந்தப் பெண் என்று, ஆபீஸ் புத்தகத்துக்கு மட்டும்.

ஆபீசில் விசாரிக்கிற ஐயா வயதானவர். யாரிடமும் கை நீட்டாதவர். மதுரைவீரனுக்கு அதுதான் தொல்லை. அவர் ஆண்களை ஒன்றும் கேட்கமாட்டார். பெண்ணைப் பார்த்து, "உன் புருஷன் பேர் என்னம்மா?" என்று மட்டும் கேட்பார். ஊரில் எந்தப் பெண்டாட்டி புருஷன் பேரை வாயால் சொல்கிறாள்? உண்மையானவள் முந்தானையைக் கடிப்பாள், பக்கத்திலிருப்பவளைச் சொல்லச் சொல்வாள், எதையாவது சுட்டிக்காட்டுவாள். ஜோடி சேர்த்து அனுப்பியவளோ பாடம் ஒப்பிப்பதுபோல் "மலையாண்டிங்க" என்று சொல்லிவிடுவாள். அவளை ஐயா திருப்பி அனுப்பிவிடுவார். அப்படி ஒரே மாசத்தில் ஒன்பது பேர் திரும்பிவந்தார்கள்.

அது ஏனென்று கண்டுபிடித்தவள் பாப்பாயி. திரும்பி வந்தவர்களை ஒவ்வொருத்தியாக உட்காரவைத்து, அவர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவளே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். பேர் சொல்லாமல் இருக்கச் சொல்லிக்கொடுத்தாள். மலையாண்டி என்றால் உச்சிப்பிள்ளையார் கோயில் பக்கம் கண்ணைக் காட்டு. சந்தனம் என்றால் முன்கையைத் தேய்த்துக் காட்டு. எடுத்த எடுப்பில் காட்டாதே, இரண்டு தடவை கேட்கவிடு. அப்புறம் யாரும் திரும்பி வரவில்லை. பாப்பாயியின் கைராசி என்று மதுரைவீரன் ஊரெல்லாம் சொன்னான். அவளுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

வள்ளிக்கண்ணு ஆடி பிறந்த மறுநாள் வந்தாள். பச்சைமலைப் பெண். பதினேழு வயதிருக்கும். துறையூர்ச் சந்தைக்குத் தாயும் மகளும் கடுக்காய் கொண்டுவந்திருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் நந்தவனத்தில் பூப்பறிக்கிற வேலை, தை வரைக்கும் இருந்துவிட்டு வரலாம் என்று மதுரைவீரனின் ஆள் ஒருத்தி சொல்ல, தாய் நம்பி அனுப்பியிருக்கிறாள். கொட்டடியின் பின்பக்கம் நின்றால் தென்னைகளுக்கு மேலே ரங்கத்துக் கோபுரம் ஒன்று வெள்ளையாகத் தெரியும். முதல் இரண்டு நாள், "அங்க எப்பக்கா போவோம்?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் கேட்கவில்லை. ரங்கூன் அரிசிச் சோறு நாறுகிறது என்று தள்ளிவிட்டு, சாமைச்சோறு கேட்டு அழுதாள். பிறகு எதுவுமே கேட்காமல் அழுதாள்.

அழுகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று பாப்பாயிக்குத் தெரியும். யார் எதற்கு அழுகிறாளோ அதையே கொடுப்பதாகச் சொல்லிவிட வேண்டும்.

"இந்தா பாரு, அழுதா இங்கேயே போட்டுடுவாங்க. ஆபீசுல ஒரு ஐயா கேள்வி கேப்பாரு. நான் சொல்லித்தர்ற மாதிரி சொன்னீனா கழுத்துல துண்டு கட்டுவாங்க. கட்டிட்டா நேரா மலைக்குத்தான்" என்றாள்.

"நெசமாவாக்கா?"

"நெசமாத்தான். சாப்பிடு."

அன்று வள்ளிக்கண்ணு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதற்கு நாலு நாள் கழித்து, உச்சிவேளையில், பின்வாசலில் ஒரு பெண் வந்து நின்று சோறு இருக்கிறதா என்று கேட்டாள். கறுத்து, கன்னம் ஒட்டி, தலைமயிர் பாதி கொட்டிப்போயிருந்தாள். பாப்பாயி சோறு போட்டாள். பாதி சாப்பிட்ட பிறகு அவள் இடது கையால் வலது முன்கையைத் தேய்த்துக் காட்டினாள்.

"இப்பத் தெரியுதாக்கா? பாக்கியமேரி. லால்குடிக்காரி. சந்தனம் பொண்டாட்டின்னு போனேனே."

பாப்பாயிக்குத் தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அவள் சொல்லிக்கொடுத்துப் போனவள். குறும்புக்காரி, கொட்டடி முழுவதையும் சிரிக்கவைத்தவள். சந்தனம் சௌக்கியமா என்று கேட்டுவைத்தாள் பாப்பாயி.

"மானாமதுரையில தண்ணி புடிச்சுட்டு வரேன்னு இறங்கினான். வண்டி கிளம்பிச்சு, அவன் ஏறல. அவன் கங்காணி ஆளுதானேக்கா, அடுத்த ஜோடிக்கு இங்க திரும்பி வந்திருப்பான். நான் போயிட்டேன்." அவள் குழம்பை வழித்து நக்கினாள். "அங்க தோட்டத்துல கூலிங்க குடியிருக்கிற லயத்துல என் பேரு புத்தகத்துல இருக்கு, புருஷன் பேரும் இருக்கு. ஆளு இல்ல. அப்போ நீ இவன்கூட இருன்னு தோட்டத்துக் கங்காணி ஒருத்தனைக் காட்டினான். அவன் காய்ச்சல்ல செத்தான். அப்புறம் இன்னொருத்தனைக் காட்டினான். ரெண்டு தடவை ஓடினேன். புருஷனை விட்டு ஓடினவளுன்னு புடிச்சாந்து விட்டாங்க. எழுத்துல கல்யாணமானவளை யாரு கேப்பாங்க?"

பாப்பாயி கரண்டியோடு நின்றாள். கதவோரம் அடைக்கலம் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு புள்ள பொறந்துச்சு. ரெண்டு மாசம் இருந்துச்சு" என்றாள் பாக்கியமேரி.

இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று பாப்பாயி கேட்டாள். வேண்டாம் என்று அவள் எழுந்து வாய்க்காலில் கை கழுவினாள்.

"உங்களைத் திட்ட வரலக்கா. வழியில பசிச்சுது, வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு பாப்பாயிக்கு அரிசியில் கல் பிடிபடவில்லை. சாப்பிடுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தாள். முகங்கள் வந்தன, பேர்கள் வரவில்லை. வள்ளிக்கண்ணுவிடம் சொல்லிவிடலாமா என்று தோன்றும். சொன்னால் அவள் கூச்சல் போடுவாள். கூச்சல் போட்டால் சாவி இருப்பது தன் வீட்டுக்காரன் இடுப்பில். இப்படி எண்ணி எண்ணி ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போட்டாள்.

வள்ளிக்கண்ணுவுக்கு ஜோடியாக வைத்திருந்தவன் முசிறிப் பக்கத்து ஆள். ஆபீசுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது அவனுக்கு முறைக்காய்ச்சல் கண்டது. பல் கிட்டி நடுங்கிக்கொண்டு கிடந்தான். மதுரைவீரன் வந்து பார்த்தான். அவன் எப்போதும் குரலை உயர்த்துவதில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டே யோசித்தான். பிறகு அடைக்கலத்தைக் கூப்பிட்டு, நீ பேர் கொடு, கடலோரத்து மண்டபம் ஊர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவா, பத்து நாள் வேலை என்றான்.

அடைக்கலம் மத்தியானமே போய் முகம் வழித்துக்கொண்டு வந்தான். தோளில் புது மல் வேட்டி மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"ஏங்க, நீங்க போகாதீங்க" என்றாள் பாப்பாயி.

"எழுத்துலதானே புள்ள."

"எழுத்துல போனவளுக்கு என்ன ஆச்சுன்னு நீங்களும்தானே கேட்டுக்கிட்டு நின்னீங்க?"

"நின்னேன். கங்காணிகிட்டப் போய் மாட்டேன்னு நீ சொல்றியா? சொல்லிட்டு நாளைக்கு எங்க போய் உலை வைப்பே?" அவன் வேட்டியை உதறி இடுப்பில் வைத்துப் பார்த்தான். "என்ன, பொறாமையா?"

பாப்பாயி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினெட்டு வருஷம் குடித்தனம். பிள்ளை இல்லை. அவன் முகம் வழித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து வந்த எரிச்சலா, அந்தப் பெண்ணை நினைத்து வந்த பயமா, எது முந்தி வந்தது என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

மறுநாள் காலை மதுரைவீரன் ஒரு சாக்குக்கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு, "சொல்லிக்குடு பாப்பாயி, நான் கேக்கறேன்" என்றான். எதிரே வள்ளிக்கண்ணு சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பாப்பாயி அடைக்கலத்தின் பேருக்குப் புதுக் குறிப்பு ஒன்று தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. கல்யாணமான புதிதில் முதல்முதலாக யாரோ புருஷன் பேர் கேட்டபோது, கூரையில் கூடு கட்டுமே அந்தக் குருவி என்று சொன்னாள். அடைக்கலங்குருவி. அன்றிலிருந்து குருவி வீட்டுக்காரி என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். கோயில் வரிக்கு ஆள் வந்தாலும் குருவிதான். மருந்து வாங்கப் போனாலும் குருவிதான். அதை இப்போது எடுத்துக் கொடுத்தாள்.

வள்ளிக்கண்ணுவைப் போல் யாரும் கற்றுக்கொண்டதில்லை. முதல் தடவையே முந்தானையைப் பல்லில் கடித்து, தலையைக் குனிந்து, அப்புறம் ஓரக்கண்ணால் கூரையைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அன்றுதான் சிரித்தாள்.

"கல்யாணம் எப்ப?" என்றான் மதுரைவீரன்.

"ஆனி மாசங்க."

"புதுப்பொண்ணு ஆடிக்கு ஆத்தா வீட்டுக்குப் போகலையான்னு கேப்பாரே, அவரு விவரமானவரு."

பாப்பாயி குறுக்கிட்டு, "அம்மா செத்துப்போச்சுன்னு சொல்லு" என்றாள். வாய்ப் பழக்கம், எல்லோருக்கும் சொல்வதுதான்.

"அம்மா இருக்குதேக்கா. அது எதுக்குச் சாவணும்?"

"சும்மா சொல்றதுக்குத்தான்."

வள்ளிக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மதுரைவீரனைப் பார்த்து, சன்னமாக, "அம்மா செத்துப்போச்சுங்க" என்றாள்.

ஆபீசுக்குப் போகிற நாள் விடிந்ததும் பாப்பாயி அவளுக்குத் தலை சீவிவிட்டாள். வாய்க்காலில் புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போயிற்று. மதுரைவீரன் பத்தடி தள்ளிப் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க ஒண்ணும் சொல்லாத. வாயை மூடிக்கிட்டு நில்லு" என்று பாப்பாயி அவள் காதோடு சொன்னாள்.

"சொல்லலைன்னா துண்டு குடுக்க மாட்டாங்களேக்கா."

"வேணாம்."

"அப்ப மலைக்கு எப்படிப் போவேன்?"

மதுரைவீரன் கொப்பளித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பாப்பாயி சீப்பிலிருந்த மயிரைச் சுருட்டித் தண்ணீரில் போட்டாள். சொல்லியிருக்கலாம், நாலே நாலு வார்த்தைதான்.

வழக்கமாக அவள் ஆபீசுக்குப் போவதில்லை. அன்று ஒரு தூக்குச்சட்டியில் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு, வண்டிகளுக்குப் பின்னால் நடந்தாள். வழியெல்லாம் புழுதி. காற்று முந்தானையைப் பிடுங்கிற்று. ஆபீஸ் வேலிக்குள் வேப்பமரத்தடியில் ஏழெட்டு ஜோடிகள் குந்தியிருந்தார்கள். ஐயா உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் எழுதுகிறவர் ஒருவர். அடைக்கலத்தின் புது வேட்டி தூரத்திலிருந்தே தெரிந்தது.

அவர்கள் முறை வந்தது. பாப்பாயி வாசற்படியோரம் நின்றாள்.

"உன் புருஷன் பேர் என்னம்மா?" என்றார் ஐயா.

வள்ளிக்கண்ணு தலையைக் குனிந்தாள். அவர் இன்னொரு தடவை கேட்டார். அவள் முந்தானையைக் கடித்தாள். மூன்றாவது தடவை கேட்டபோது மெல்ல மேலே பார்த்தாள். "ஓட்டுச் சந்துல கூடு கட்டுமே, அதுங்க."

எழுதுகிறவர் சிரித்துவிட்டு, "குருவி. அடைக்கலம் போலிருக்கு சார்" என்றார். வள்ளிக்கண்ணு நகர்ந்து அடைக்கலத்தின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். ஐயாவின் முகம் இளகியது. அவர் எழுதப் பேனாவைத் தொட்டார்.

"இல்லைங்க" என்றாள் பாப்பாயி. தூக்குச்சட்டியோடு மேஜைவரைக்கும் வந்துவிட்டிருந்தாள். "அது பொய்ங்க. இவரு என் வூட்டுக்காரரு. இந்தப் பொண்ணு பச்சைமலை. ஏமாத்திக் கூட்டியாந்திருக்காங்க."

எல்லோரும் பார்த்தார்கள். மதுரைவீரன் கையைக் கட்டிக்கொண்டு, பணிவாக, "இது கொட்டடியில சமைக்கிற பொம்பளைங்க. இவன்மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு. கல்யாணமானதுலேருந்து இந்தப் புள்ளைய ஒரு நாள் நிம்மதியா இருக்க விடல" என்றான்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் அவசரப்படுகிறவர் அல்ல.

"உன் புருஷனா?"

"ஆமாங்க."

"அப்ப நீ சொல்லு. இவன் பேர் என்ன?"

பாப்பாயி வாயைத் திறந்தாள். குருவி என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைத்தான் அந்தப் பெண் சொல்லி முடித்துவிட்டாளே. திருப்பிச் சொன்னால் அவளைப் பார்த்துச் சொன்னதாக ஆகும். வேறு எதைச் சொல்வது? பதினெட்டு வருஷத்தில் அவள் வேறு எதையும் சொல்லிப் பழகவில்லை. வேப்பமரத்தடியில் யாரோ இருமினார்கள். ஐயா காத்திருந்தார். மதுரைவீரனும் காத்திருந்தான், அவன் முகத்தில் மட்டும் அமைதி இருந்தது.

"அடைக்கலம்" என்றாள்.

வரிசையில் நின்ற ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பாப்பாயிக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அப்போதுதான், தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது.

ஐயா எழுதுகிறவரைப் பார்த்து, "பார்த்தீரா?" என்றார். "எப்படிச் சொல்றா பாரும்." பிறகு அடைக்கலத்திடம், இவளை உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

அடைக்கலம் தரையைப் பார்த்தான். "சோறு போடுற அம்மாங்க."

"வள்ளிக்கண்ணு, நீ யாருன்னு சொல்லு. உன் அம்மா இருக்கான்னு சொல்லு" என்றாள் பாப்பாயி.

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே மேஜைமுன் வந்து கும்பிட்டாள். "நான் இவரு பொண்டாட்டிதாங்க. அம்மா செத்துப்போச்சுங்க. என்னை அனுப்பிடுங்க சாமி."

அந்த அழுகையில் பொய் இல்லை என்பது யாருக்கும் தெரியும். ஐயாவுக்கும் தெரிந்தது. அவர் தம் கையாலேயே துண்டை எடுத்து எழுதுகிறவரிடம் கொடுத்து, கட்டச் சொன்னார். பாப்பாயியை வெளியே கொண்டுபோய் விடும்படி சேவகனிடம் சொன்னார். அதையும் கடுமையாகச் சொல்லவில்லை.

தெற்கே போகிற வண்டி ஜங்ஷனில் பிற்பகலில் கிளம்பும். பாப்பாயி வேலிச் சந்து வழியாகப் பிளாட்பாரத்துக்குள் வந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போனாள். நாலாவது பெட்டியில் வள்ளிக்கண்ணு ஜன்னலோரம் இருந்தாள். அழுத முகத்தைக் கழுவியிருந்தாள். பக்கத்தில் அடைக்கலம்.

பாப்பாயியைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது.

"நீங்க சொல்லிக்குடுத்ததைத்தானேக்கா சொன்னேன்? ஒண்ணுகூடத் தப்பாச் சொல்லல. ஏன் என்னைப் போகவிடாம பண்ணப் பாத்தீங்க?"

"நான் சொன்னது பொய்டி. இது மலைக்குப் போற வண்டி இல்ல. கடல் தாண்டிக் கொண்டுபோறாங்க. இவரு வழியில இறங்கிடுவாரு, நீ தனியாப் போயிடுவே. இறங்கு. இப்பவே இறங்கிடு."

வள்ளிக்கண்ணு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாளா என்று சொல்ல முடியாது. நம்பவும் ஒரு காரணம் வேண்டுமே. இத்தனை நாளில் பாப்பாயி அவளிடம் எத்தனை சொல்லியிருக்கிறாள். பிறகு அவள் பக்கத்திலிருந்தவனிடம் திரும்பினாள்.

"அப்படியாண்ணே?"

அடைக்கலம் ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண்டாட்டியை ஒரு தடவை பார்த்தான். பின்னால், இரண்டு பெட்டி தள்ளி, மதுரைவீரன் தலைகளை எண்ணிக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

"அதுக்குப் பொறாமை. நீ அந்தப் பக்கம் போய் உக்காரு" என்றான் அடைக்கலம்.

விசில் ஊதிற்று. வள்ளிக்கண்ணு எழுந்து எதிர்ப்பக்கத்துக்குப் போனாள். பாப்பாயி கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு நடந்தாள், பிறகு ஓடினாள். உள்ளே, சக்கரச் சத்தத்துக்கு நடுவில், அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம், மலை இந்த ஜன்னலில் தெரியுமா அந்த ஜன்னலில் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.